இந்த வேலை யார் பேரில்?

எங்கள் நிறுவனத்தில் மூன்று பேர். மூவரும் பெண்கள். திருவாதவூரில் என் புகுந்த வீட்டு மாடி அறைதான் அலுவலகம். மூன்று மடிக்கணினிகள், ஒரு இன்வெர்ட்டர், கீழிருந்து மேலே இழுத்த இணைய வயர், சுவரில் ஒரு மாதக் காலண்டர். மதுரை, மேலூர், சிவகங்கைப் பக்கத்துக் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறோம். நான் முன்பு மதுரையில் ஒரு கம்பெனியில் இதே வேலையைப் பார்த்தவள். குழந்தை பிறந்த பிறகு, தினமும் மாட்டுத்தாவணிக்குப் பேருந்து பிடித்துப் போய்த் திரும்புவது கட்டுப்படியாகவில்லை. வேலையை விட்டேன், கற்ற தொழில் கையில் இருந்தது. என் ஓரகத்திக்குப் படம் வரைவதில் ஆர்வம். அவள் வடிவமைப்பைக் கற்றுக்கொண்டாள். மேலூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் தங்கச்சி கோடு எழுதுகிறாள். வாடிக்கையாளரிடம் பேசுவது, தமிழில் எழுதித் தருவது, வரவு செலவு ஆகியவை என் பொறுப்பு.

இணையதளம் என்றால் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கடையின் தளத்துக்கே முப்பது நாற்பது தனித்தனி வேலைகள் உண்டு. பெயரைப் பதிவு செய்ய வேண்டும். சர்வரில் இடம் வாங்க வேண்டும். பக்கங்களின் மாதிரி வரைந்து ஒப்புதல் பெற வேண்டும். கடைக்காரரிடமிருந்து படங்கள் வாங்க வேண்டும். அவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தந்த தமிழை யூனிகோடுக்கு மாற்றி, உடைந்த கொம்பையும் காலையும் ஒட்ட வேண்டும். கைபேசியில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் “அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கூட்டுங்க” என்று ஒரு செய்தி வரும்.

தொடக்கத்தில் இவை எல்லாமே வாட்ஸ்அப்பில் ஓடின. படம் ஒரு குழுவில், திருத்தம் இன்னொன்றில், விலை பேசியது தொலைபேசியில். வாய்ச்சொல்லாக வந்த வேலை, செய்து முடித்ததும் காற்றோடு போய்விடும். பிறகுதான் ட்ரெல்லோவுக்கு வந்தோம். திரையில் ஒரு பலகை. அதில் ‘செய்ய வேண்டியது’, ‘செய்துகொண்டிருப்பது’, ‘ஒப்புதலுக்கு’, ‘முடிந்தது’ என்று நான்கு பத்திகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டையில் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். வேலை நகர நகர அட்டையையும் வலப்பக்கம் தள்ளுகிறோம். யார், எப்போது தள்ளினார்கள், யார் என்ன கருத்து எழுதினார்கள் என்பது அட்டையின் அடியில் தானாகப் பதிவாகும்.

எந்தச் செயலி நல்லது என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. இந்தப் பலகையோடு சில ஆண்டுகள் வாழ்ந்ததில் எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். அட்டையாக எழுதப்பட்டால் அதற்கு வேலை என்று பெயர். எழுதப்படாவிட்டால் அதே காரியத்துக்கு உதவி என்று பெயர். வேலைக்குக் கூலி கேட்கலாம். உதவிக்கு நன்றி மட்டுமே கிடைக்கும், அதுவும் சில வீடுகளில்தான். எது அட்டையாகும், எது ஆகாது என்று தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் எங்கள் மாடி அறையின் அரசியல் முழுவதும் இருக்கிறது.

இந்தப் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. ‘கன்பான்’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பெயர்ப்பலகை, அறிவிப்பு அட்டை என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டொயோட்டா கார் ஆலையில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர், எந்த உதிரி பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்பதை அட்டைகள் மூலம் தெரிவிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அது பின்னாளில் மென்பொருள் உலகத்துக்கு வந்தது. 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ, அந்த அட்டைகளை எல்லோருடைய திரைக்கும் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2004இல், சிகாகோவைச் சேர்ந்த 37சிக்னல்ஸ் பேஸ்கேம்ப்பை வெளியிட்டது. அதுவும் எங்களைப் போல இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன நிறுவனம்தான். வாடிக்கையாளர்களோடு நடக்கும் பேச்சும் வேலையும் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று தங்களுக்காகச் செய்துகொண்ட கருவியைத்தான் பிறகு மற்றவர்களுக்கு விற்றார்கள். நம்ம ஊர்க்காரர்கள் நடத்தும் ஸோஹோவுக்கும் ‘புராஜெக்ட்ஸ்’ என்ற கருவி இருக்கிறது. அதாவது, வேலை சிதறுவது எங்கள் மாடி அறையில் மட்டும் நடப்பதல்ல. சிதறும்போது யாருடைய உழைப்பு முதலில் காணாமல் போகிறது என்பதில்தான் பெண்களுக்கு அக்கறை.

எங்களுக்கு அது ஒரு கல்யாண மண்டபத்துக் கணக்கில் தெரிந்தது. பேசிய தொகை 28,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி தளம் வெளியானதும். இரண்டு முறை திருத்தம் செய்து தருவோம் என்பது பேச்சு. தளம் வெளியாகி ஒரு மாதம் ஆகியும் மீதி வரவில்லை. மண்டபத்துக்காரர் என்னைக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் மேலூரில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். இந்தத் தொழிலுக்கும் அவருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. “வீட்டுப் பிள்ளைக பொழுதுபோக்கா ரெண்டு நாள்ல போட்டுட்டாக, அதுக்கு வாங்குன காசே போதுமே தம்பி” என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

ட்ரெல்லோவிலிருந்து அந்தப் பலகையைத் தேதி வாரியாக எடுத்து அச்சிட்டோம். 63 அட்டைகள். ஐந்து மாதம். அவர் கேட்ட திருத்தங்கள் மட்டும் 41. அதில் ஒன்று பொங்கலன்று இரவு 11:40க்கு வந்தது. மறுநாள் காலை 9 மணிக்குள் அது முடிந்து, ஓரகத்தியின் பெயரோடு வலப்பக்கப் பத்தியில் நின்றது. நானும் அவளும் நேரில் போனோம். “சார் வரலையாம்மா?” என்றுதான் வரவேற்றார். “சார் இதுல இல்லைங்க. இதுல யார் யார் இருக்காங்கன்னு இந்தக் காகிதத்துல இருக்கு” என்று கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டினார். விலையைப் பற்றி மறுபடி பேசினார். கடைசியில் 10,000 கொடுத்தார். 4,000 இன்றுவரை வரவில்லை. அதற்கும் ஒரு அட்டை இருக்கிறது. எந்தப் பத்திக்கும் நகராமல் நிற்கிறது.

முழுப் பணமும் வரவில்லைதான். ஆனால் அன்று அந்த அறையில் பேச்சு மாறியது. ‘வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு’ என்ற சொல்லுக்கு எதிரில் தேதியும் மணியும் பெயரும் இருந்தன. பெண் உரத்துப் பேசினால் சண்டைக்காரி என்பார்கள், அமைதியாக இருந்தால் ஏமாளி. காகிதம் எந்தக் குரலிலும் பேசாது. அதனால் அதைக் கேட்டார்கள். அடுத்த ஒப்பந்தத்திலிருந்து மூன்றாவது திருத்தத்துக்கும் அதற்கு மேலும் தனிக் கட்டணம் என்று எழுதுகிறோம். திருத்தம் கேட்பவர்கள் இப்போது யோசித்துக் கேட்கிறார்கள்.

பலகை இவ்வளவு செய்தும், அதில் என் பெயரில் அட்டைகள் குறைவாகவே இருந்தன. அதைக் கவனித்தவள் மேலூர்த் தங்கச்சி. ஒரு நாள் பலகையைப் பார்த்துக்கொண்டே, “அக்கா, இதுல பாத்தா நீங்க வாரத்துல ரெண்டு நாள்தான் வேலை பாக்குறீங்க. ஆனா நாள் பூரா போன்லதான இருக்கீங்க?” என்றாள். அவளே ஒரு அட்டை போட்டாள்: ‘பள்ளித் தாளாளரிடம் படம் கேட்டு நினைவூட்டல், நான்காம் முறை’. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயர்.

அதன்பின் ஒரு மாதம் மூவரும் எழுதிப் பார்த்தோம். படம் கேட்டு நினைவூட்டுவது. ‘நாளைக்குத் தருகிறேன்’ என்றவரிடம் நாளைக்குக் கேட்பது. சர்வர் சந்தா எப்போது முடிகிறது என்று மனதில் வைத்திருப்பது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை ஆற்றுவது. மின்தடை அறிவிப்பு பார்த்து அதற்கு முன்பே வேலையை ஏற்றிவிடச் சொல்வது. வேலைப் பட்டியல்களில் இவற்றுக்கு இடமே இருப்பதில்லை, ஏனென்றால் இவை முடியும்போது கையில் காட்ட ஒரு பொருள் இருக்காது. வடிவம் வரைந்தால் வடிவம் இருக்கும், கோடு எழுதினால் கோடு இருக்கும். நினைவூட்டினால், ஒரு தவறு நடக்காமல் போயிருக்கும். அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 35 தம்பதிகளிடம் பேசி, வீட்டு வேலையில் மூளை செய்யும் பகுதியை நான்காகப் பிரித்தார்: வரப்போவதை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நடந்ததா என்று கண்காணித்தல். முடிவெடுப்பதில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள். முதலாவதும் கடைசியும் பெண்கள் தலையில் அதிகம் விழுந்தன. அதைப் படித்தபோது எங்கள் பலகைதான் நினைவுக்கு வந்தது. பேனர் எந்த நிறம் என்று முடிவெடுக்கும் வேலைக்கு அட்டை இருந்தது. வரப்போவதை உணர்வதற்கும் நடந்ததா என்று பார்ப்பதற்கும் இல்லை. வீட்டில் மறையும் அதே வேலை அலுவலகத்திலும் அதே இடத்தில் மறைகிறது.

ஸோஹோ புராஜெக்ட்ஸ் போன்ற கருவிகளில் செலவிட்ட நேரத்தைக் குறிக்கும்போது ஒரு கேள்வி வரும்: இந்த நேரம் பில் போடத்தக்கதா, இல்லையா? நினைவூட்டலும் ஆற்றுப்படுத்தலும் எந்தப் பக்கம் சேரும்? நாங்கள் பேசி முடிவெடுத்தோம். இப்போது எங்கள் விலைப்பட்டியலில் ‘ஒருங்கிணைப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு ஒரு தொகையும் இருக்கிறது. சிலர் அந்த வரியை அடித்துவிடச் சொல்வார்கள். “அதை நீங்களே பாத்துக்கிறதா இருந்தா அடிச்சிரலாம் சார்” என்போம். பெரும்பாலும் அடிக்க மாட்டார்கள்.

மாடியில் இப்படிப் பேசிக்கொண்டிருந்த பேச்சு, கீழே இறங்காமல் இருக்குமா? மூன்று பேருக்கும் மதியச் சாப்பாடு செய்வது என் மாமியார். அத்தையின் சமையல் இல்லையென்றால் எங்களில் ஒருவர் 11 மணிக்கே எழுந்து கீழே போக வேண்டும். நிறுவனம் ஓடுவதில் அவருடைய பங்கு வெளிப்படையானது. “அத்தைக்கும் ஒரு அட்டை போடணும்” என்று ஓரகத்தி சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். விளக்கிச் சொன்னதும் அத்தையும் சிரித்தார்: “எனக்கு எதுக்குத்தா அட்டை? ரேசன் அட்டை ஒண்ணு போதாதா?” கொஞ்சம் கழித்து, மோருக்குத் தாளித்துக்கொண்டே கேட்டார்: “ஆமா, அதுல பேரு போட்டா காசு வருமா?”

எங்கள் ஊர்க் கதை ஒன்றில் இந்தக் கேள்விக்கு ஒரு முன்னோட்டம் இருக்கிறது. திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த அவர், குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாக வந்து இரவில் மறுபடி நரிகளானதும் எல்லோருக்கும் தெரியும். அதன் தொடர்ச்சிதான் வைகை வெள்ளமும் பிட்டுக்கு மண் சுமந்த கதையும். ஆவணி மாதம் மதுரையில் புட்டுத் திருவிழா நடக்கும்போது எங்கள் ஊரிலிருந்து மாணிக்கவாசகரும் எழுந்தருளுவார்.

அந்தக் கதையைத் திட்ட மேலாண்மைக் கதையாகவும் படிக்கலாம். கரை உடைகிறது. அரசன் கரையை அளந்து, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிறான். யாருடைய பங்கு அடைபட்டது, யாருடையது அடைபடவில்லை என்று பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். பிட்டு விற்கும் வந்திக்கு வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவளுடைய பங்கு அவள் பெயரிலேயே நிற்கிறது. கூலியாளாக வந்த சிவன் பிட்டைத் தின்று, ஆடிப்பாடி, தூங்கி, பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பலகையோடு புழங்கிய பிறகு எனக்குத் தோன்றியது வேறு. கதையில் பெயரோடு நிற்கும் பெண் வந்தி ஒருத்திதான், அதுவும் வீட்டில் ஆண் இல்லாததால். மற்ற வீடுகளிலிருந்து மண் சுமக்கப் போனவர்களுக்கும் யாரோ சோறு பொங்கியிருப்பார்கள். அந்தச் சோறு கரைக் கணக்கில் வரவில்லை. வந்தி அவித்த பிட்டு மட்டும் கணக்கில் வந்தது. அது கூலியாகக் கொடுக்கப்பட்டது என்பதால்.

அத்தையின் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. அரசாங்கமும் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறது. 1998-99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் ஒன்று. நாடு முழுவதற்குமாக 2019இலும் 2024இலும் நடந்தது. அதில் ஒரு நாள் என்பது அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணிக்கு முடிகிறது. அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். 2024இன் கணக்குப்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 2019இல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்துக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்று பெயர். மாதம் 1,000 ரூபாய். ‘உதவித் தொகை’ என்று சொல்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று சொன்னதில் ஒரு சொல்லின் தூரம் இருக்கிறது. தொகை போதுமா, யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் பேச வேண்டியவை. ஆனால் எங்கள் தெருவில் பணம் ஏறியதும் வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பெண்கள், அதில் தங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

நாங்கள் மதியச் சாப்பாட்டை நிறுவனச் செலவாக எழுதினோம். ஒரு சாப்பாடு 50 ரூபாய், மூன்று பேர், மாதம் 22 நாள். 3,300 ரூபாய். அத்தையின் அஞ்சலகக் கணக்கில் அவர் பெயரில் கட்டினோம். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “வீட்டுச் சோத்துக்கு வெலையா? ஊர்ல கேட்டா சிரிப்பாக” என்றார். அத்தை தட்டைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்: “மெஸ்ஸுல தின்னா குடுக்க மாட்டாகளா? அதையே எனக்குக் குடுக்குறாக.” அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பணத்தை என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

பள்ளி விட்டு வரும் என் பையனைப் பார்த்துக்கொள்வதையும் எழுதலாம் என்று ஓரகத்தி சொன்னபோது, அத்தை மறுத்துவிட்டார். “பேரனைப் பாக்கிறதுக்குக் காசு வாங்குனா நான் அவனுக்கு ஆயா ஆயிருவேன், அப்பத்தாவா இருக்க முடியாது.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாசத்தை அட்டையில் ஏற்ற அவருக்கு விருப்பமில்லை. ஆனால் பாசம் என்று பெயர் வைத்துத்தான் பெண்களிடமிருந்து இவ்வளவு நேரம் வாங்கப்பட்டிருக்கிறது என்பதும் உண்மை. இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி வரும் நாட்களில் பையனை மாடிக்கு அழைத்துக்கொள்கிறோம். அன்று யாருடைய வேலை தள்ளிப்போகிறது என்பதைப் பலகையில் எழுதுகிறோம். இப்போதைக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதிவிட்டால் விடுதலை என்று சொல்ல வரவில்லை. எழுதுவதே விலங்காகவும் மாறும். வேறு ஊர்க் கம்பெனி ஒன்று தன் வேலையில் ஒரு பகுதியை எங்களுக்குத் தந்தது. அவர்களுடைய கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதில் ஒரு கடிகாரம் ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நம் திரையைப் படம் பிடிக்கும். விசைப்பலகையில் கை படவில்லை என்றால் ‘செயலற்ற நேரம்’ என்று குறிக்கும். அப்போது ஓரகத்தியின் குழந்தைக்கு ஏழு மாதம். அவள் பால் கொடுத்த நேரமெல்லாம் செயலற்ற நேரமாகப் பதிவாகி, அதற்குக் கூலி பிடிக்கப்பட்டது. பால் கொடுத்துக்கொண்டே அவள் மனதில் வரைந்து முடித்த வடிவத்துக்கு அந்தக் கடிகாரத்தில் இடமில்லை. இரண்டு மாதத்தில் ஒப்புக்கொண்டதை முடித்துக் கொடுத்தோம். அடுத்த வேலை கேட்டார்கள், வேண்டாம் என்றோம்.

இதுவும் புதியதல்ல. ஆலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கும் முறையை அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் பரப்பினார். 1912இல் கிறிஸ்டீன் ஃபிரடெரிக் என்ற பெண் அதே முறையை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்து பெண்கள் பத்திரிகையில் தொடராக எழுதினார். பாத்திரம் கழுவுவதில் எத்தனை அசைவுகள் வீண், மேடை எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது என்றெல்லாம் கணக்கிட்டார். முதுகு வலி குறைந்திருக்கும். ஆனால் அந்தப் பாத்திரத்தை ஏன் அவளே கழுவ வேண்டும் என்ற கேள்வி கடிகாரத்தில் வரவில்லை. அளவுகோலைப் பிடித்திருப்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் அளவுகோல் பதில் சொல்லும். எங்கள் பலகையும் அந்தக் கம்பெனியின் கடிகாரமும் ஒரே வகைக் கருவிகள்தான். ஒன்றில் எதை எழுதுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். மற்றதில் வேறொருவர் முடிவு செய்தார்.

அதனால்தான், இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் கல்லூரிப் பெண்கள் என்னிடம் எந்தச் செயலியைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால், முதலில் வேறு சில கேள்விகளைக் கேட்கிறேன். அந்தப் பலகை யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது? ஓடிபி யாருடைய கைபேசிக்குப் போகிறது? நிர்வாகி என்ற இடத்தில் யார் பெயர்? எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் நடத்தும் தொழில்களில் கணக்குகள் எல்லாம் வீட்டு ஆண்களின் எண்ணில் இருக்கின்றன. வீட்டில் ஒரு சண்டை வந்தால் போதும், அவர்களுடைய ஐந்து வருட உழைப்பின் பதிவு அவர்களுக்குத் திறக்காது. ட்ரெல்லோவில் ஒரு அட்டையைக் காப்பகத்தில் போட்டால் மறுபடி எடுக்கலாம். அழித்தால் அதன் வரலாறும் சேர்ந்து போய்விடும். அழிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது சொத்துப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் போன்ற கேள்விதான். நாங்கள் மாதக் கடைசியில் எல்லாப் பலகைகளையும் நகலெடுத்து, மூவரும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்வேன். ஆசானா என்ற கருவியில் ஒரு வேலைக்கு ஒருவரைத்தான் பொறுப்பாக்க முடியும். ட்ரெல்லோவில் ஒரு அட்டையில் பலரைச் சேர்க்கலாம். கூட்டாகச் செய்வதுதானே பெண்ணியம் என்று முதலில் பலரைச் சேர்ப்பதே நல்லதாகத் தோன்றும். அனுபவத்தில், மூன்று பெயர் இருக்கும் அட்டையை முடிப்பவள் எப்போதும் ஒருத்தியாகவே இருக்கிறாள். கேட்காமலேயே செய்துவிடும் பழக்கம் உள்ளவள் அவள். ஆகவே ஒரு அட்டைக்கு ஒரு பெயர். உதவி தேவைப்பட்டால் அந்த உதவிக்கும் தனி அட்டை.

மாலை 5 மணிக்கு மேலூர்த் தங்கச்சி ஸ்கூட்டியை எடுக்கிறாள். நானும் ஓரகத்தியும் கீழே இறங்குகிறோம். அதிலிருந்து இரவு 10 வரை நடப்பதற்கு எங்கள் பலகையில் பத்தி கிடையாது. போன மாதம் என் வீட்டுக்காரர் ஒரு நோட்டில் நான்கு கோடு போட்டு, ‘யார் செய்றது’ என்று ஒரு பத்திக்குத் தலைப்பு வைத்துச் சமையலறைக் கதவில் ஒட்டினார். முதல் வாரம் அதில் அவர் பெயரில் மூன்று வேலைகள் இருந்தன: தண்ணீர் பிடிப்பது, பையனுக்கு வீட்டுப்பாடம், ஞாயிற்றுக்கிழமை துணி. இரண்டு நடந்தன. மூன்றாவதை நான் செய்யவில்லை. துணி திங்கட்கிழமை வரை வாளியிலேயே இருந்தது. யார் பெயர் எழுதியிருக்கிறது என்று அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டார். திங்கட்கிழமை இரவு கடையிலிருந்து வந்ததும் அவர் துவைத்தார்.